கல்லோடு வந்த விருந்தினர்

விருந்தினர் ஒருவரை வீட்டுக்கு அழைக்கிறோம். அவர் வருகிறார். அவருடைய பயணப் பெட்டியைத் திறந்ததும் அதனுள்ளிருந்து முன்பின் அறியாத நூறு பேர் இறங்கி, ஒருவர் அடுக்களைக்கும் ஒருவர் பரணுக்கும் ஒருவர் கட்டிலின் கீழுமாகப் போய்க் குடியேறிவிடுகின்றனர். அவர்களிற் சிலர் நம் வீட்டைக் கூட்டித் துப்புரவு செய்கின்றனர். சிலர் நள்ளிரவில் எழுந்து, நாம் அழைத்த விருந்தினரையே தின்கின்றனர். மற்றையோர் வீட்டில் இருப்பதையே நாம் அறியோம். மாயக் கதைபோலத் தோன்றும் இந்நிகழ்ச்சி, முருகைக்கல் இட்டுக் கடல்நீர்த் தொட்டி வளர்ப்போர் வீடுகளில் உலகெங்கும் நடைபெற்று வருகின்றது.

நன்னீர் மீன்தொட்டி நமக்குப் பழகிய பொருள். கிணற்று நீர், சிறிது கூழாங்கல், சில நீர்ச்செடிகள், சில மீன்கள் ஆகிய இவ்வளவில் அது அமைந்துவிடும். அதனுள் இருப்பவற்றிற் பெரும்பாலானவை நாம் அறிந்து இட்டவை. கடல்நீர்த் தொட்டியின் இயல்போ வேறு. அதனை அமைப்போர் கடலடியிலிருந்து எடுத்த முருகைக்கற்களை அதனுள் அடுக்குவர். 'உயிர்க்கல்' என்று பொருள்படும் பெயரே வாணிபத்தில் அக்கல்லுக்கு வழங்குகிறது. கல்லுக்கு உயிர் உண்டோ என்று கேட்கலாம். கல் என்பது மடிந்துபோன முருகை உயிர்கள் விட்டுச்சென்ற சுண்ணாம்புக் கூடுதான். ஆயின் அதன் துளைகளெல்லாம் குடிமனைகள். கல்லுக்குள் தேரை என்று நம் முன்னோர் சொல்லிவைத்தது இங்கே கண்கூடாகிறது. தேரை இருக்கவேண்டிய இடத்தில் புழுவும் நண்டும் இறாலும் இருக்கின்றன என்பதே வேற்றுமை.

இத்தகைய கல்லை மனிதர் ஏன் விலைகொடுத்து வாங்கித் தொட்டியில் இட்டனர் என்பதை அறிந்தால்தான், அழையா விருந்தினர் வந்த வழியும் நமக்கு விளங்கும்.

கடலுயிரைக் கடலுக்கு அப்பால் வாழவைக்கும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் வேரூன்றியது. 1846ஆம் ஆண்டில் அன்னா தைன் என்னும் பெண்மணி, டோர்கீ கடற்கரையிலிருந்து சில முருகை உயிர்களை இலண்டனுக்கு எடுத்துச் சென்றார். நீரைச் சன்னலருகே ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறிமாறி ஊற்றச் செய்து, அதிற் காற்றுக் கலக்கும்படி செய்தே அவற்றை அவர் உயிரோடு வைத்திருந்தார். பின்னர்க் கடற்பாசியையும் உடனிட்டபோது, பாசி வெளிவிடும் ஒட்சிசன் அவ்வேலையிற் பங்கேற்றது. 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் பிலிப் ஹென்றி கொஸ் எழுதிய நூலினால் 'அக்குவாரியம்' என்ற சொல் வீடுதோறும் பரவியது.

ஆயினும் கடல்நீர்த் தொட்டி நெடுங்காலம் நோயாளியாகவே இருந்தது. மீனின் கழிவிலிருந்து அமோனியா தோன்றுகிறது. மூடிய சிறு பரப்பில் அது பெருகினால் நஞ்சாகிறது. இச்சிக்கலுக்கு ஒரு வழியைக் காட்டியவர் இந்தோனேசியாவின் யகார்த்தா நகரில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர். கடல்நீர், கடலிலிருந்து எடுத்த உயிர்க்கல், குமிழியிடும் காற்று ஆகியவற்றைக்கொண்டே தொட்டியை நடத்தலாம் என்று அவர் 1961ஆம் ஆண்டில் ஒரு சஞ்சிகையில் எழுதினார். கல்லின் மேற்பரப்பில் வாழும் பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதனை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. ஒட்சிசன் எட்டாத உட்டுளைகளில் வாழும் வேறுவகைப் பற்றீரியாக்கள் நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. தொட்டிக்கு ஈரலும் சிறுநீரகமும் அக்கல்லே என்று சொல்லலாம். கல்லை உலர்த்தினாலோ கொதிக்க வைத்தாலோ இவ்வேலைக்காரர் மடிந்து போவர். எனவே கல்லை ஈரத்தோடும் உயிரோடுமே கொண்டுவருதல் வேண்டும். அவ்வாறு கொண்டுவரும்போது அதனுள் ஒளிந்திருக்கும் ஏனைய உயிர்களும் உடன் வந்து சேர்கின்றன. வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை விலக்கும் வழி அங்கே இல்லை.

இருளில் எழும் ஓசை

புதிய தொட்டியை அமைத்தவர், சில இரவுகளின் பின் 'டிக்', 'டிக்' என்ற ஓசை கேட்டுக் கண்ணாடி வெடிக்கிறதோ என்று அஞ்சி எழுந்து விளக்கை ஏற்றுவதுண்டு. அங்கே வெடிப்பு எதுவும் இராது. கல்லின் உட்புறத்தில் சொடுக்கிறால் ஒன்று குடியிருக்கிறது, அவ்வளவே. விரல் நீளங்கூட இல்லாத இவ்விறாலின் ஒரு கொடுக்கு மற்றதைவிடப் பலமடங்கு பெரிது. அதனை மூடும்போது கொடுக்கின் இரு பாகங்களும் மோதுவதனால் ஓசை எழுகிறதென்றே முன்னர் எண்ணினர். 2000ஆம் ஆண்டில் அதிவேகப் படப்பிடிப்புக் கருவிகொண்டு ஆராய்ந்தபோது உண்மை வேறாக இருந்தது. கொடுக்கு மூடும் வேகத்தில் நீர் தாரையாகப் பாய்கிறது. பாயும் நீரில் அமுக்கம் குறைந்து ஒரு குமிழி தோன்றுகிறது. அக்குமிழி நொறுங்கி அமுங்கும்போது எழுவதே அவ்வோசை. நொறுங்கும் அக்கணத்தில் கண்ணுக்குப் புலனாகாத ஓர் ஒளித்துளியும் பிறக்கிறது என்பது 2001இல் அறியப்பட்டது. அதிலிருந்து கணித்தால் குமிழியின் அகத்தே வெப்பநிலை 5000 கெல்வினுக்குக் குறையாது. விருந்தினர் அறையில் உறங்குபவர், சுவருக்கு அப்பால் இத்தகைய உலை எரிவதை எங்ஙனம் அறிவார்?

இதனினும் வலியவர் மற்றொருவர் உளர். கும்பிடுபூச்சியைப் போன்று முன்னங்கால்களை மடித்து வைத்திருக்கும் ஓர் ஓட்டுயிர் அது. இறால் என்று வழக்கிற் சொல்லினும் இறாலின் நேர்க் கிளையன்று. மயில்வண்ணம் கொண்ட ஒரு வகை, தன் மடித்த காலைக் குண்டாந்தடி போல வீசிச் சிப்பியையும் நண்டையும் உடைத்துத் தின்னும். அவ்வீச்சு செக்கனுக்கு 23 மீற்றர் வேகத்தை எட்டுவதாக 2004இல் கலிபோர்ணியா ஆராய்ச்சியாளர் அளந்தனர். தொட்டியில் நேற்றுவரை ஐந்து நத்தைகள் இருந்தன, இன்று மூன்றே உள்ளன, ஓட்டுச் சிதறல்கள் மட்டும் கல்லடியிற் கிடக்கின்றன என்றால், அக்கல்லினுள் இந்தப் படைவீரனின் இனத்தவர் ஒருவர் இருக்கிறார் என்று ஐயுறலாம்.

நியூகீயின் பாரி

இவ்வகை நிகழ்ச்சிகளுட் பெரிதும் பேசப்பட்டது 2009ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கோர்ண்வோல் பகுதியிலுள்ள நியூகீ நகரத்து மீன்காட்சியகத்தில் நடந்தது. அங்கே முருகைத் தொட்டியொன்றில் கிளைகள் இரவோடிரவாக அறுபட்டுக் கிடந்தன. மீன்கள் காயமுற்றன. பொறி வைத்தனர், பயனில்லை. இறுதியில் கற்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தபோது, நான்கு அடி நீளமான ஒரு புழு அகப்பட்டது. முருகைத் துண்டோடு சிறு குஞ்சாக வந்து, எவர் கண்ணிலும் படாது அங்கேயே வளர்ந்திருக்க வேண்டுமென்று முடிவு செய்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் பாரி. ஆங்கிலேயரிடையே சாதாரணமான பெயர்தான். நம் செவிக்கோ முல்லைக்குத் தேர் ஈந்த வள்ளலின் பெயராக ஒலிக்கிறது! ஈவதை அறியாது பறிப்பதையே அறிந்த ஒரு சீவனுக்கு அப்பெயர் வாய்த்தது தற்செயலின் குறும்பு.

இப்புழு யூனிசி என்னும் வளையப்புழுச் சாதியைச் சேர்ந்தது. இச்சாதியின் பேருருவங்கள் மணலிலோ கல்லிடுக்கிலோ உடலை மறைத்து, உணர்கொம்புகளை மாத்திரம் வெளியே நீட்டி, மீன் அருகில் வந்ததும் கத்தரிபோன்ற தாடைகளாற் கவ்வி உள்ளே இழுக்கும். அதே 2009ஆம் ஆண்டில் யப்பானின் சிரகாமா என்ற ஊரில், துறைமுகத் தெப்பமொன்றின் மிதவையினுள் இவ்வினப் புழுவொன்று காணப்பட்டது. அதன் நீளம் 299 சென்ரிமீற்றர். நிறை 433 கிராம். உடல் வளையங்கள் 673. தெப்பத்தின் மேல் ஆண்டுக்கணக்கில் நடந்து திரிந்தவர் எவரும் தம் காலடியில் இப்படியொரு குடியானவர் வாழ்வதை எண்ணியும் பார்த்திரார்.

நியூகீ ஊழியர் செய்த ஒரு செயலை நான் சிறப்பாக மதிக்கிறேன். அகப்பட்டதை அவர்கள் அடித்துக் கொல்லவில்லை. அதற்கென்று தனித் தொட்டி ஒன்றை ஒதுக்கிக் கொடுத்தனர்.

ஒரு வாளி நீர்

பேருருவங்களைப் பற்றிக் கேட்பவர் எல்லா விருந்தினரும் கொள்ளையர் என்று முடிவு கட்டிவிடக் கூடும். அவ்வாறன்று. உயர்வகுப்பு மாணவருக்கு விலங்கியல் கற்பிப்பவன் நான். கடற்கரைக்கு அவர்களை அழைத்துச் செல்லும்போது, அலை ஒதுக்கிய பழங்கல் ஒன்றைக் கடல்நீர் நிரம்பிய வெள்ளை வாளியில் இட்டு, அதனைச் சுற்றி அமர்ந்திருக்கச் சொல்வது என் வழக்கம். முதற் பத்து நிமிடம் ஒன்றும் நிகழாது. பின்னர் நீரில் ஒட்சிசன் குறையக் குறைய, கல்லினுள்ளிருந்து ஒவ்வொன்றாகத் தலை நீட்டும். கூனி போன்ற சிற்றுயிர்கள் பக்கவாட்டில் நீந்தும். நூல் போன்ற கையொன்று நெளியும். அது நொறுங்கு நட்சத்திரமீனின் கை. இருபுறமும் மயிர்க்கற்றை கொண்ட புழு நழுவி இறங்கும். பொத்தானளவு நண்டு வெளிவந்து நம்மை நோக்கிக் கொடுக்கை உயர்த்தும். எல்லாவற்றையும் குறித்துக்கொண்ட பின் கல்லையும் நீரையும் எடுத்த இடத்திலேயே சேர்ப்போம். ஒருமுறை ஒரு மாணவி குறிப்பேட்டின் பக்கத்தை இரண்டாக மடித்துக்கொண்டு, "சேர், இதுகளிலை எது நல்லது, எது கூடாதது?" என்று கேட்டாள்.

தொட்டி வைத்திருப்போரும் முதலிற் கேட்பது இதனைத்தான். விடையோ எளிதன்று. மயிர்க்கற்றைப் புழுவை எடுத்துக்கொள்வோம். அதனைத் தொட்டால் அதன் முட்கள் தோலில் ஏறி எரியும். அதைக் கண்டவுடன் இடுக்கியைத் தேடுவோர் பலர். ஆயின் அவ்வினங்களிற் பெரும்பாலானவை மீன் தின்னாது விட்ட இரையையும் அழுகிய உடலையும் தின்று தொட்டியைத் துப்புரவாக்கும் தோட்டிகள். அவை பெருகியிருந்தால், நாம் இரையை மிகுதியாக இடுகிறோம் என்பதே பொருள். குழாய்போன்ற ஓட்டில் அசையாது வாழும் புழுநத்தை சளிவலையை நீரில் விரித்து, அதில் ஒட்டிய துகள்களை வலையோடு சுருட்டி உண்ணும். அருகிலுள்ள முருகைக்கு அவ்வலை தொல்லை தருவது உண்மை. எனினும் வலைவீசும் நத்தையை வேறெங்கு இருந்த இடத்திலிருந்தே பார்க்க முடியும்?

கண்ணாடியில் ஒட்டியிருந்தது

இனி, எவரையும் கடிக்காத, எவருக்கும் தொல்லை தராத ஒரு விருந்தினரைப் பற்றிச் சொல்லவேண்டும். என் உள்ளத்தில் எல்லாரினும் உயர்ந்த இடம் அவருக்கே.

1883ஆம் ஆண்டு. ஒஸ்திரியாவின் கிராஸ் நகரம் கடலோரத்தில் இல்லை. அங்கே விலங்கியற் கழகத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி இருந்தது. பிரான்ஸ் ஐல்ஹார்ட் ஷுல்ட்சே என்ற பேராசிரியர், அத்தொட்டியின் சுவரில் சில மில்லிமீற்றர் அகலமுள்ள சாம்பல்நிறப் படலம் ஒன்று ஒட்டியிருக்கக் கண்டார். பாசித் துணுக்கென்று துடைத்திருக்கலாம். அவர் துடைக்கவில்லை. நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தார். அது நகர்ந்தது, நகரும்போதே வடிவம் மாறியது. அதற்கு வாயில்லை, குடலில்லை, நரம்பில்லை, முன்புறம் பின்புறம் என்ற வேறுபாடுமில்லை. இரையின் மேற் கவிந்து படுத்து, அதனைத் தன் அடிப்புறத்தாற் கரைத்து உறிஞ்சிக்கொள்கிறது. ஒட்டிக்கொள்ளும் மயிர்த்தகடு என்ற கருத்தில் அதற்குத் திரைக்கோபிளாக்ஸ் அதேரன்ஸ் என்று அவர் பெயரிட்டார்.

இதன் பிறகு நடந்ததே கவனத்துக்குரியது. 1907ஆம் ஆண்டில் தீலோ கிரும்பாக் என்பவர், இது தனி விலங்கன்று, இழுதுமீன் கூட்டத்தைச் சேர்ந்த ஓருயிரின் குடம்பியே என்று கூறினார். அக்கூற்று நிலைத்துவிட்டது. தீர்ப்புக் கிடைத்துவிட்டதனால் மீண்டும் பார்ப்பதற்கு எவரும் முற்படவில்லை. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அவ்வுயிர் அறிஞருலகின் மறதியிற் கிடந்தது. 1960களின் பிற்பகுதியிலே மீண்டும் ஆராய்ச்சி தொடங்கியது. யேர்மானிய விலங்கியலாளர் கார்ல் கிரெல், அது எந்தக் கூட்டத்திலும் அடங்காதது என்று காட்டி, 1971இல் 'தட்டை விலங்குகள்' என்று பொருள்பட பிளக்கோசோவா என்னும் தனிக் கணத்தையே அமைத்தார். முதுகெலும்பிகள் எல்லாவற்றையும் தன்னுள் அடக்கியிருப்பதும் ஒரு கணமே; நத்தை, சிப்பி, கணவாய் யாவும் சேர்ந்ததும் ஒரு கணமே. கண்ணாடியில் ஒட்டியிருந்த அச்சிறு படலத்துக்கு அவற்றோடு ஒத்த வரிசையில் ஓர் ஆசனம் கிடைத்தது.

2008ஆம் ஆண்டில் அதன் பரம்பரை அலகுத் தொகுதி முழுவதும் வாசிக்கப்பட்டது. ஏறத்தாழ 11,500 பரம்பரை அலகுகள் அதில் உள்ளன. நரம்பே இல்லாத அவ்வுயிரில், ஏனைய விலங்குகளில் நரம்புகளின் தொழிலோடு தொடர்புடைய பல அலகுகள் காணப்பட்டன. விலங்குலகம் எவ்வாறு தொடங்கியது என்று வினவுவோர் இன்று அதனைக் கடந்து செல்ல முடியாது. 2018இல் ஹொங்கொங் கரையிற் கிடைத்த அதன் உறவினமொன்றுக்கு, உருமாறும் ஆற்றலுள்ளவனாகச் சீனர் கதைகளில் வரும் கடல்நாக அரசனின் பெயரைச் சூட்டினர்.

தொட்டிகளில் இவ்வாறு வெளிப்பட்டவை வேறும் உள. 1880இல் இலண்டன் றீஜன்ற் பூங்காவில், பேரல்லி வளர்த்த நன்னீர்த் தடாகத்தில் நாணயமளவு இழுதுமீன்கள் நீந்தக் கண்டு அறிஞர் வியந்தனர். இழுதுமீன் கடலுக்கே உரியதென்று பலரும் எண்ணியிருந்த காலம் அது. செடிகளோடு ஒட்டி வந்த அவ்வினத்தின் தாயகம் சீனத்து யாங்சி ஆற்றுப் பள்ளத்தாக்கு என்று இன்று கருதப்படுகிறது. அண்மைக் காலத்திலும், முருகைத் தொட்டிகளில் மிகுதியாகப் பெருகிய ஒரு தட்டைப் புழு 2007ஆம் ஆண்டில் புதிய இனமென்று பெயர் பெற்றது. கடலில் எவரும் அதனை முதலில் எடுக்கவில்லை, தொட்டியிலேயே கண்டனர்.

களையென்று இகழப்பட்டது

தொட்டி வளர்ப்போர் யாவரும் ஒருமித்து வெறுக்கும் ஓருயிர் உண்டாயின், அது ஐப்டாசியா என்னும் சிறு கடற்சாமந்தி. தென்னங்கன்று போன்ற சிற்றுரு. ஒன்று வந்தால் நூறாகும். பிடுங்கினால் அடிப்பாதத்தின் துணுக்கு கல்லில் எஞ்சும். அத்துணுக்கு முழு உயிராக வளரும். எலுமிச்சஞ்சாறும் கொதிநீரும் ஊசிமூலம் ஏற்றி அதனைக் கொல்ல முயல்வோர் உளர். அதனையே உண்டு வாழும் ஒரு கடல்நத்தையை விலைகொடுத்து வாங்கி விடுவோரும் உளர்.

இவ்வெறுப்புக்குரிய கடற்சாமந்தியை இன்று உலகின் பல ஆய்வுகூடங்கள் பேணி வளர்க்கின்றன. காரணம் பின்வருமாறு. முருகை உயிரின் இழையங்களுள் நுண்ணிய அல்காக்கள் வாழ்கின்றன. அவை சூரிய ஒளியால் ஆக்கும் உணவே முருகையின் முதன்மையான உணவு. கடல்நீர் வெப்பமேறும்போது அவ்வுறவு முறிகிறது. அல்கா நீங்க, முருகை வெளிறுகிறது; வெப்பம் நீடித்தால் மடிகிறது. 1998ஆம் ஆண்டில் நம் நாட்டின் ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் றீவ் என்னும் திட்டிலும் முருகைகள் பெருமளவில் அழிந்தது இவ்வாறே. அவ்வுறவு ஏன் முறிகிறது என்று ஆராய முருகையையே எடுத்துக்கொள்வது கடினம். அது மெதுவாக வளர்வது, கல்லுடல் கொண்டது. ஐப்டாசியாவோ விரைவில் வளர்வது, கல்லுடல் அற்றது, அதே குடும்ப அல்காக்களைத் தன்னுள் வைத்திருப்பது. அல்காக்களை நீக்கினாலும் இரை கொடுத்தால் அது உயிர் வாழும். பின்னர் மீண்டும் அவற்றை ஏற்றுக்கொள்ளும். 2015இல் அதன் பரம்பரை அலகுத் தொகுதியும் வெளியிடப்பட்டது. வீட்டுத் தொட்டியில் முருகையைக் கொல்லும் களை, ஆய்வுகூடத்தில் முருகையைக் காக்கும் வழி தேடுவோரின் கைவிளக்கு. அம்மாணவியின் வினாவுக்கு இதைவிட நேரான விடையை நான் அறியேன்.

எச்சரிக்கைக்குரியவை

எனினும் விருந்தினரை வியந்துகொண்டு மாத்திரம் இருத்தல் அறிவுடைமையாகாது. கல்லோடு வரும் பொத்தான் போன்ற சில முருகைச் சுற்றத்தவற்றில் பாலிதொக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. ஹவாய்த் தீவுகளில் ஒரு குறித்த குட்டையிலுள்ள பாசியை ஈட்டிமுனையிற் பூசினால் காயம் உயிர் போக்கும் என்று பழங்குடியினர் வழிவழியாகக் கூறி வந்தனர். அதனை ஆராய்ந்தபோது, அது பாசியன்று, இவ்வுயிரே என்று தெரிந்தது. 1971இல் நஞ்சு பிரித்தெடுக்கப்பட்டது. வேண்டாத உயிரைக் கொல்ல எண்ணிக் கல்லைக் கொதிநீரில் இட்டவர்கள், எழுந்த ஆவியை முகர்ந்து நோயுற்றிருக்கின்றனர். அலாஸ்காவில் 2012 முதல் 2014 வரை வீடுகளிலும் கடைகளிலும் நேர்ந்த இத்தகைய நிகழ்ச்சிகளை அமெரிக்கச் சுகாதாரத் துறையினர் பதிவு செய்துள்ளனர். கொதிக்க வைத்தாற் போதும் என்ற எண்ணமே இங்கு ஆபத்தானது.

இதனினும் பெரிய தீங்கு, வேண்டாததை வேற்றுக் கடலில் விட்டுவிடுவது. 1984இல் மத்தியதரைக் கடலின் மொனாக்கோ கரையில் கோலேர்ப்பா என்னும் பச்சைப் பாசி ஏறத்தாழ ஒரு சதுர மீற்றர் அளவிற் காணப்பட்டது. தொட்டிகளுக்கென வளர்க்கப்பட்ட வகை அது. அன்று ஒரு மனிதர் அரை நாளிற் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கப்படாத அப்பாசி பின்னர்ப் பல நாடுகளின் கடலடியைப் போர்த்தது. 2000ஆம் ஆண்டில் அதே வகை கலிபோர்ணியாவின் ஒரு கடனீரேரியிற் காணப்பட்டபோது, உடனடியாகப் படங்குகளால் மூடிக் குளோரீன் செலுத்தினர். முற்றும் ஒழிந்ததென்று 2006இல் அறிவிக்கும் வரை எழுபது இலட்சம் டொலருக்கு மேற் செலவாயிற்று. இடம் மாறிய விருந்தினர் எத்தகையவராக மாறுவார் என்பதற்கு இந்த இரு கரைகளும் சான்று.

நமக்கு உரியது

முருகைக்கல்லை நம்மவர் நெடுங்காலமாகச் சுண்ணாம்புக்கே உரியதாக எண்ணி வந்தனர். தெற்கிலும் கிழக்கிலும் சூளைகளில் அது எரிந்தது. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும், 1988இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதைத் தடுத்தன. உலக அளவிலும், அருகிவரும் உயிரினங்களின் வாணிபத்தை ஒழுங்குசெய்யும் உடன்படிக்கையின் கீழ் உயிர்க்கல் வந்திருக்கிறது. ஒரு கல்லை எடுப்பவர் கல்லை மாத்திரம் எடுப்பதில்லை. ஒரு குடியிருப்பையே பெயர்த்தெடுக்கிறார் என்பதைச் சட்டம் காலந்தாழ்த்தி ஏற்றுக்கொண்டது.

இந்நாட்டுக் கடலுக்கு வேறொரு பெருமையும் உண்டு. முத்துச் சலாபம் வீழ்ச்சியுற்ற காரணத்தை அறிவதற்காக, வில்லியம் ஹேர்ட்மன் என்ற பேராசிரியரை அரசாங்கம் 1902ஆம் ஆண்டில் மன்னார் வளைகுடாவுக்கு வரவழைத்தது. வந்தவர் முத்துச்சிப்பியை மட்டும் எண்ணிவிட்டுத் திரும்பவில்லை. சிப்பியோடும் பாரோடும் மேலே வந்த பஞ்சுயிர்களையும் புழுக்களையும் நண்டுகளையும் சேகரித்துத் துறைதோறும் வல்லவரிடம் ஒப்படைத்தார். 1903 முதல் 1906 வரை இலண்டன் றோயல் கழகம் வெளியிட்ட அந்த ஐந்து தொகுதிகளில் இலங்கைக் கடலுயிர் பற்றிய துணை அறிக்கைகள் நிறைந்திருக்கின்றன. முத்தினால் வரும் வருவாய் என்றோ மறைந்துவிட்டது. உடன் வந்தவற்றின் பட்டியலோ இன்றும் ஆராய்ச்சியாளருக்குப் பயன்படுகிறது.

தேடிப் போனதை மாத்திரம் காண்பது வாணிபக் கண். தேடாமல் வந்ததையும் காண்பது மாணவக் கண். நம் பாடசாலைகளில் வினாவுக்குரிய விடையை மட்டும் எடுத்துக்கொண்டு எஞ்சியதை ஒதுக்கப் பழக்குகிறோம். பாடத்திட்டத்தில் இல்லாத புழு மேசையில் ஊர்ந்தால், அதனை அகற்றிவிட்டுப் பாடத்தைத் தொடர்கிறோம். கிராஸ் நகரத்துக் கண்ணாடியை அன்று ஒருவர் துடைத்திருந்தால், அதிலிருந்த உயிர் அதனால் அழிந்திராது. கடலில் தன்பாட்டில் வாழ்ந்திருக்கும். இழப்பு நம்முடையதாகவே இருந்திருக்கும். இன்று கடல் வெப்பமேறி முருகைத் திட்டுகள் குன்றிவரும்போது, அத்திட்டுகளின் துளைகளில் பெயரிடப்படாத எத்தனையோ குடிகள் உள்ளன. அவற்றைக் கொல்லவேண்டுமா, காக்கவேண்டுமா என்று தீர்ப்பளிக்கும் முன்னர், யார் நீங்கள் என்று கேட்கும் பொறுமை நமக்கு வேண்டும். வந்தவர் யாரென்று கேளாது கதவடைப்பது நம் வழக்கமும் அன்று.